கச்சானிலும் வாடையிலும் விடாத ஒட்டு

மரத்தோடு மரத்தை ஒட்டுவதில் மொடல் விமானம் செய்கிறவர்களுக்குப் பெரிய சிக்கல் கிடையாது. வெள்ளைக் கம் பூசி, குண்டூசி குத்தி, இரவு முழுக்க விட்டால் விடியும்போது இரண்டும் ஒரே மரம். பொலிஸ்டைரீன் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டுவதும் அப்படித்தான். அதற்கென்று விற்கும் பிளாஸ்ரிக் சிமெந்து இரண்டு முகங்களையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். தலையிடி தொடங்குவது மரமும் பிளாஸ்ரிக்கும் சந்திக்கிற இடத்தில். எஞ்சின் மூடி, விமானியின் தலைக்கு மேலுள்ள கனொப்பி, உந்துவிசிறி சுழலும் மூக்குப் புஷ், சுக்கானைத் தாங்கும் பிணைச்சல் என்று ஒரு சின்ன விமானத்தில் இப்படிப்பட்ட இடங்கள் நாலைந்தாவது இருக்கும். கீழே விழுந்த விமானத்தை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் அவற்றில் ஒன்றுதான் விட்டிருக்கும்.

திருகோணமலையில் இந்த ஒட்டுகள் விடுவதற்கு இரண்டு காலங்கள் உண்டு. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காய்ந்த கச்சான் வீசும்போது ஒன்று. கார்த்திகை, மார்கழியில் வாடையும் மழையும் சேர்ந்து வீட்டுச் சுவரே வியர்க்கும்போது மற்றது. கடைக்குப் போகிற எல்லோரும் "அண்ணை, உள்ளதுக்குள்ள பலமான கம் எது?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குக் கிடைக்கிற விடையை வைத்து மரத்தையும் பிளாஸ்ரிக்கையும் ஒட்ட முடியாது என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது. இந்த இரண்டு பொருளும் வெயிலிலும் ஈரத்திலும் வேறுவேறு அளவில் அசைகின்றன. நடுவிலிருக்கும் பசை அந்த அசைவைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். எவ்வளவு பலம் என்பது அதற்குப் பிறகு.

கணக்காகவே பார்ப்போம். ஏபிஎஸ் பிளாஸ்ரிக் ஒரு பாகை சூட்டுக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 70 முதல் 100 பங்கு விரியும். மரம் நார் ஓடும் திசையில் விரிவது வெறும் 3 முதல் 5 பங்கு. 10 சென்றிமீற்றர் நீளமான ஏபிஎஸ் எஞ்சின் மூடியை வீட்டு நிழலில் ஒட்டிவிட்டு உப்புவெளிக் கடற்கரை வெயிலுக்குக் கொண்டுபோனால், மூடி 30 பாகை சூடேறும்போது கால் மில்லிமீற்றர் அளவு நீளும். அடியிலிருக்கும் மரமோ ஏறக்குறைய அசையாமல் நிற்கும். கால் மில்லிமீற்றர் சிறிதுதான். ஆனால் கடதாசி அளவு தடிப்புள்ள, கண்ணாடிபோல் இறுகிய பசைப் படலத்துக்கு அது பெரிய இழுவை.

ஈரத்தில் நிலைமை தலைகீழ். அப்போது பிளாஸ்ரிக் சும்மா இருக்கும், மரம் அசையும். காற்றின் ஈரப்பதன் 50 வீதமாக இருக்கும்போது மரத்துக்குள் ஏறத்தாழ 9 வீத நீர் தங்கும். 85 வீதத்துக்கு ஏறினால் அது 18 வீதம் அளவுக்குப் போகும். மொடல்களுக்குப் பாவிக்கும் மிக இலேசான மரம் பல்சா. பூச்சு எதுவும் அடிக்காத பல்சாப் பலகை நாருக்குக் குறுக்கே 10 சென்றிமீற்றர் அகலமாக இருந்தால், இந்த வித்தியாசத்தில் அது ஒரு மில்லிமீற்றரிலிருந்து இரண்டு வரை அகலும். வெட்டிய முறையைப் பொறுத்துக் கூடும், குறையும். கச்சானில் கட்டிய விமானத்தின் கனொப்பி வாடையில் ஓரம் கிளம்புவதற்கும், வாடையில் கட்டியதன் மூடி கச்சானில் 'டக்' என்று விடுவதற்கும் காரணம் இதுதான்.

முழு அளவு விமானங்களே இதற்குத் தப்பவில்லை. இரண்டாம் உலகப்போரில் பறந்த டி ஹவிலண்ட் மொஸ்கிட்டோ, மெல்லிய பேர்ச் பலகைகளுக்கு நடுவே பல்சாவை வைத்து ஒட்டிய விமானம். நாங்கள் மேசையில் வைத்து அறுக்கிற அதே பல்சாதான். முதலில் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசையால் ஒட்டினார்கள். பின்னர் நோர்மன் டி புரூயின் 1937இல் உருவாக்கிய ஏரோலைற் என்ற செயற்கைப் பசைக்கு மாறினார்கள். 1944 இறுதியில் இந்தியாவில் அடுத்தடுத்து மொஸ்கிட்டோக்கள் விழுந்தன. நவம்பரில் அங்குள்ள மொஸ்கிட்டோக்களின் பறப்பே நிறுத்தப்பட்டது. பசை கெட்டுப்போனது காரணம் அல்ல, ஈரமும் வெப்பமும் மாறி மாறி வந்ததில் மரச் சட்டகம் சுருங்கியதுதான் என்று ஒரு விசாரணை சொன்னது. தொழிற்சாலையில் பாகங்களைச் சரியாகப் பொருத்தாததே காரணம் என்று அடுத்தது சொன்னது. எனக்கு இரண்டு முடிவுமே பாடமாகத் தெரிகின்றன. மரம் அசைந்தால் ஒட்டு திறக்கும். இடைவெளி விட்டுப் பொருத்திய ஒட்டு அதற்கும் முன்னதாகத் திறக்கும்.

இனி, விட்டுப்போன ஒட்டை வாசிப்பது. விட்ட துண்டைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பசை முழுக்க மரத்தோடு நின்று, பிளாஸ்ரிக் முகம் துடைத்துவிட்டதுபோல் பளபளவென்று இருந்தால் பசை பிளாஸ்ரிக்கைப் பிடிக்கவே இல்லை. அங்கே பசையை மாற்றுவதைவிட முகத்தைத் தயார் செய்வதே வேலை. பிளாஸ்ரிக்கில் மர நார் கிழிந்து ஒட்டியிருந்தால் உங்கள் ஒட்டு மரத்தைவிடப் பலமாக இருந்திருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மரத்துக்குத்தான் உள்ளே ஒரு தாங்கு கட்டை வேண்டும். பசையே நடுவில் உடைந்து இரண்டு பக்கமும் சில்லுச் சில்லாக நின்றால் பசை அந்த இடத்துக்கு அளவுக்கு மீறி இறுக்கம். இந்த மூன்றையும் பிரித்தறியப் பழகினால் கடையில் பாதிக் காசு மிச்சம்.

எனக்குப் பார்க்கக் கிடைப்பவற்றில் முதல் வகைதான் அதிகம். அதனால் பிளாஸ்ரிக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

கையிலிருப்பது என்ன பிளாஸ்ரிக் என்று தெரியாமல் பசைப் போத்தலைத் திறக்கக் கூடாது. போத்தல், டப்பா என்றால் அடியில் முக்கோணத்துக்குள் இலக்கம் இருக்கும்: 1 பெற், 2 உம் 4 உம் பொலித்தீன், 3 பிவிசி, 5 பொலிபுரோப்பிலீன், 6 பொலிஸ்டைரீன். மொடல் கிட்டில், அதாவது பாகங்களோடு விற்கும் பெட்டியில், வருகிறவற்றில் அப்படி ஒன்றும் இருக்காது. அப்போது ஒரு சிறு துண்டை வெட்டிக் குழாய்த் தண்ணீரில் போடுங்கள். உள்ளே காற்றுக் குமிழ் இருக்கக் கூடாது. மிதந்தால் பொலித்தீன் அல்லது பொலிபுரோப்பிலீன். பொலிஸ்டைரீன், ஏபிஎஸ், நைலோன், பெற் எல்லாம் தாழும். கடல்நீரில் இதைச் செய்ய வேண்டாம். உப்புக் கூடினால் தண்ணீரின் அடர்த்தி பொலிஸ்டைரீனுக்குக் கிட்டவாக வந்துவிடும், தாழுகிறதா மிதக்கிறதா என்று தெரியாமல் போகும். தாழ்ந்தவற்றைப் பிரிக்க ஒரு சொட்டு அசிற்றோன் போதும். ஏபிஎஸ்ஸும் பொலிஸ்டைரீனும் இளகி ஒட்டும். பெற்றுக்கும் நைலோனுக்கும் ஒன்றும் ஆகாது. பொலிகாபனேற் வெளுத்து வெடிப்பு விழும், ஆகவே கண்ணாடிப் பாகத்தில் கழிவுத் துண்டைத் தவிர வேறெங்கும் அசிற்றோனைக் காட்டாதீர்கள். மெல்லிய பொலிஸ்டைரீனைச் சீமெந்துத் தரையில் போட்டால் தகரம் விழுந்ததுபோல் 'கிலிங்' என்று கேட்கும். அந்தச் சத்தம் காதில் பதிந்துவிட்டால் சோதனையே தேவைப்படாது.

மிதக்கிற பிளாஸ்ரிக்குகளை வீட்டிலிருக்கும் எந்தப் பசையும் நம்பத்தக்கதாகப் பிடிக்காது. காரணம் அவற்றின் மேற்பரப்பு. ஒரு திரவம் பரவி ஒட்ட வேண்டுமென்றால் மேற்பரப்பு அதை இழுக்க வேண்டும். பொலித்தீனும் பொலிபுரோப்பிலீனும் அப்படி இழுப்பதில்லை. தண்ணீர் விட்டால் முத்தாகத் திரண்டு உருளும். பசைக்கும் அங்கே அதே கதிதான். லைற்றரின் நீலச் சுவாலையை மேலே ஒருமுறை வேகமாக ஓட்டினால் மேற்பரப்பு ஒட்சியேறி, தண்ணீர் கொஞ்சம் பரவத் தொடங்கும். உடனே எபொக்சி பூசினால் ஓரளவு பிடிக்கும். ஆனாலும் என் விமானத்தில் அப்படிப்பட்ட பாகம் வந்தால் நான் பசையை நம்புவதில்லை. துளை போட்டு, நூல் சுற்றி, அல்லது சிறு ஆணி முறுக்கித்தான் வைப்பேன்.

மற்றவற்றுக்குத் தயாரிப்பு எளிது, ஆனால் வரிசை முக்கியம். முதலில் கழுவ வேண்டும். அச்சிலிருந்து இலகுவாகக் கழர்வதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை பாகத்தில் மிஞ்சியிருக்கும். சட்டி கழுவுகிற சவர்க்காரமும் பழைய பல்துலக்கியும் போதும். காய்ந்தபின் 240 இலக்க அரத்தாளால் பளபளப்புப் போகும்வரை உரச வேண்டும். கடைசியாக, பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றால் துடைத்து விரல் படாமல் விட வேண்டும். கழுவாமல் உரசினால் அந்த எண்ணெயைக் கீறலுக்குள் தேய்த்துவிட்டதாகத்தான் முடியும். எங்கள் பக்கத்தில் இன்னும் இரண்டு கேடுகள் உண்டு. ஒன்று, தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கை. மற்றது, கடற்கரை வீடுகளில் சன்னலோரம் வைத்த எதிலும் படியும் உப்பு. நேற்றுத் தயார் செய்த பாகமானாலும் ஒட்டுமுன் இன்னொருமுறை துடையுங்கள். முறுக்கிய இறப்பரால் உந்துவிசிறி சுழலும் இறப்பர் மோட்டார் விமானம் என்றால் அந்த இறப்பருக்குப் பூசுகிற ஆமணக்கெண்ணெய் மூக்குப் பக்கம் முழுக்கத் தெறித்திருக்கும். மூக்குப் புஷ்ஷை ஒட்டிய பிறகுதான் இறப்பருக்கு எண்ணெய் வைக்க வேண்டும்.

இப்போது பசைகள். சுப்பர் குளூவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோர் கையும் முதலில் போவது அதற்குத்தான்.

இது சயனோ அக்ரிலேற். 1942இல் ஹரி கூவர் என்ற அமெரிக்க வேதியியலாளர் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்ரிக் தேடியபோது, தொட்ட இடமெல்லாம் ஒட்டிக்கொண்டதால் ஒதுக்கிவைத்த பொருள். (அதே ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனக்குடாவிலிருந்து பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் படைப்பிரிவின் ஹரிக்கேன் போர் விமானங்கள் எதிர்த்து எழும்பின. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஹரிக்கேன் மொடல் கட்ட ஆசைப்படுவதற்கு அது ஒரு காரணம்.) ஒதுக்கியதையே பின்னர் பசையாக்கி 1958இல் விற்பனைக்கு விட்டார்கள். இது காற்றில் காய்வதில்லை. மேற்பரப்பிலுள்ள ஈரம்தான் இதை இறுக வைக்கிறது. வறண்ட நாட்டுக்காரருக்கு அது செய்தியாக இருக்கலாம். எங்களுக்கு அதுதான் முழுப் பிரச்சினையும்.

ஈரப்பதன் 40 முதல் 60 வீதத்துக்குள் இருக்கையில் இந்தப் பசை ஒழுங்காக இறுகும். வாடைக் காலத்தில் எங்கள் வீடுகளுக்குள் அது 80ஐத் தாண்டி நிற்கும். அப்போது பசை பரவுவதற்கு முன்பே அவசரமாக இறுகுகிறது, மரத்துக்குள் இறங்குவதில்லை, படலம் நொறுங்குகிறது. அதோடு ஆவியாகி எழும்புகிற பசை காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து இறுகி, சுற்றுப்புறத்தில் வெள்ளைப் பொடியாகப் படிகிறது. போன வாடையில் என் மருமகன் ஹரிக்கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மாமா, கண்ணாடியெல்லாம் வெள்ளையாப் போச்சு. கழுவியும் போகுதில்லை."

"என்ன போட்டனி?"

"சுப்பர் குளூதான். கொஞ்சமாத்தான் விட்டனான்."

"போட்டிட்டு மூடி வச்சனியோ?"

"ஓம், தூசி படும் எண்டு பெட்டிக்குள்ள வச்சனான்."

கனொப்பியின் உட்பக்கமே ஒரு பெட்டி, அதற்கு மேல் இன்னொரு பெட்டி. எழும்பிய ஆவிக்குப் போக வழியில்லை, கண்ணாடியில்தான் படிந்தது. வெளிப்பக்கத்தைப் பல்பசை தொட்ட மென்துணியால் பொறுமையாகத் தேய்த்து எடுத்தோம். உட்பக்கத்துக்காகக் கனொப்பியைக் கழற்ற வேண்டி வந்தது. ஓரம் சேதமில்லாமல் கழன்றது, ஏனென்றால் அந்த ஒட்டு அவ்வளவுதான் பிடித்திருந்தது.

கண்ணாடிப் பாகங்களுக்குச் சுப்பர் குளூவை நான் சொல்லவே மாட்டேன். அதை வேகமாக இறுகவைக்கும் ஸ்பிறேயும் பொலிஸ்டைரீனிலும் தெளிவான பிளாஸ்ரிக்கிலும் வெடிப்பு விழ வைக்கும். அதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள். ஆனால் வேறிடங்களில் அது நல்ல வேலைக்காரன். ஏபிஎஸ் மூடிக்குள் மரக் கட்டைகளை ஒட்ட, பாகங்களைச் சரியான இடத்தில் தற்காலிகமாக நிறுத்திவைக்கத் தடிப்பான வகை நல்லது. தண்ணீர்போன்ற மெல்லிய வகை மரத்தை இறுக்குவதற்கு. வாடை நாளென்றால் மழை விட்ட நண்பகலில், அறைக்குள் மின்குமிழை எரியவிட்டு வேலை செய்தால் வித்தியாசம் தெரியும். திறக்காத போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் திறந்துவிடாமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். குளிர்ந்த போத்தலுக்குள் எங்கள் காற்று புகுந்தால் உள்ளே பனித்து, மிச்சப் பசை முழுக்கக் கட்டியாகும். இன்னொன்றையும் பிள்ளைகளோடு வேலை செய்கிற எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பசை பஞ்சிலோ பருத்தித் துணியிலோ கொட்டுப்பட்டால் அந்த இடம் சட்டென்று சூடேறிப் புகையும், தோலைச் சுடும். சாரத்தோடு மடியில் வைத்து ஒட்டுவதை விட்டுவிடுங்கள்.

அடுத்தது எபொக்சி, எங்கள் வாயில் அரல்டைற். சுவிஸ் நாட்டு சீபா நிறுவனம் 1946இல் அறிமுகப்படுத்திய பெயர் இன்றைக்கும் எங்கள் கடைகளில் பசைக்கே பெயராக நிற்கிறது. மரத்துக்கும் உரசிய ஏபிஎஸ், பொலிஸ்டைரீன், நைலோனுக்கும் நடுவே சுமை தாங்க வேண்டிய இடம் என்றால் எனக்கு இதுதான் முதல் தெரிவு. இடைவெளியை நிரப்பும், சுருங்காது, பிளாஸ்ரிக்கைக் கரைக்காது. பாரம்தான் குறை. இறப்பரில் பறக்கிற சின்ன விமானத்துக்கு மூக்கில் ஒரு கிராம் கூடினாலும் வித்தியாசம் தெரியும்.

ஐந்து நிமிட வகையையும் மெதுவான வகையையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. ஐந்து நிமிடம் என்று எழுதியிருப்பது குளிர் நாட்டு அறைக்கு. ஏறத்தாழ ஒவ்வொரு 10 பாகை சூட்டுக்கும் அந்த நேரம் பாதியாகும். வைகாசி நண்பகலில் குழைத்துத் திரும்புவதற்குள் நூல் இழுக்கத் தொடங்கிவிடும். கிண்ணத்துக்குள் குவியலாகக் குழைத்தால் தன் சூட்டிலேயே இன்னும் வேகமாக இறுகும். உடைந்த தளஓட்டுத் துண்டில் மெல்லியதாகப் பரப்பிக் குழைத்தால் நேரம் கிடைக்கும். விரைவு வகை இறுகிய பிறகும் வெயில் சூட்டில் சற்று இளகும். அதனால் வெயிலில் நிற்கப்போகிற மூடி, சுமையுள்ள மூக்கு இவற்றுக்கு இரவு முழுக்க இறுகுகிற மெதுவான வகையே நல்லது. மரப்பக்கத்துக்கு முதலில் மெல்லியதாக ஒரு பூச்சு. வெட்டுமுகம் அதைக் குடித்துவிடும். குடித்த பிறகு இரண்டாவது பூச்சைப் பூசிப் பிளாஸ்ரிக்கை வைக்க வேண்டும். இந்த முதல் பூச்சைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒட்டுக்குள் பசையே இல்லாமல் போகிறது. மழைக் காலத்தில் இறுகிய எபொக்சியின் மேல் மெழுகுபோல் ஒரு பிசுபிசுப்பு வந்தால் அது ஈரக்காற்றின் வேலை. சுடுதண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்த பின்னரே மேலே பெயின்றோ இன்னொரு பூச்சோ போடலாம்.

எபொக்சியும் இறுகியதும் கடினந்தான். அதை அசைவுள்ள இடத்தில் வைக்கும்போது படலம் கொஞ்சம் தடிப்பாக இருக்க விட வேண்டும். இறுக்கிப் பிடித்துப் பசையெல்லாவற்றையும் வெளியே பிதுக்கிவிட்டால் இழுவையைத் தாங்க நடுவில் ஒன்றுமில்லை. பல்சா அரத்தூளைச் சேர்த்துக் குழைத்தால் பிதுங்காது, ஓரத்தில் வளைவாக நிரப்பவும் வரும்.

செருப்புத் தைக்கிறவர்கள் பாவிக்கும் மஞ்சள் கம்மைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இறப்பர் அடிப்படையிலான அந்தத் தொடுபசை வளைந்து கொடுக்கும், பரந்த முகங்களுக்கு நன்றாக இருக்கும். இரண்டு பக்கமும் பூசி, தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை விட்டு, ஒருமுறை வைத்து அழுத்தினால் முடிந்தது. வைத்தபிறகு நகர்த்த முடியாது. ஆனால் அதிலுள்ள கரைப்பான் மெல்லிய பொலிஸ்டைரீனை நெளிய வைக்கும், நுரைப் பொலிஸ்டைரீனான ரெஜிபோமைத் தின்றே விடும். மழை நாளில் அதற்கு இன்னொரு குறையும் உண்டு. கரைப்பான் ஆவியாகும்போது பசையின் முகம் குளிர்ந்து, அதில் கண்ணுக்குத் தெரியாமல் நீர் பனிக்கிறது. அதன்மேல் ஒட்டினால் தண்ணீரை ஒட்டியதுபோலத்தான். வெயில் நாளுக்கு இதை ஒதுக்கி வையுங்கள்.

மரத்துக்குப் பூசும் வெள்ளைக் கம் பிளாஸ்ரிக்குக்கு ஆகாது. தண்ணீர் ஒரு பக்கத்தால்தான் வெளியேறும், பிளாஸ்ரிக் பக்கத்தில் பிடிக்க ஒன்றுமில்லை, உலர்ந்தபின் தோலாக உரிந்து வரும். சூட்டுப் பசைத் துப்பாக்கி வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் தன் வேலையை மறந்துவிடும். சிலிக்கோன் பாரம், அதன்மேல் பெயின்ற் ஒட்டாது.

கனொப்பிக்கென்றே வெள்ளைக் கம்மின் குடும்பத்தில் ஒரு பசை இருக்கிறது. ஸாப் ஃபோர்முலா 560 என்பது மொடல்காரர் பலருக்குத் தெரிந்த பெயர். பால்போல் வெள்ளையாக வரும், காய்ந்தபின் கண்ணாடிபோல் தெளியும், இறப்பர்போல் வளையும், தெளிவான பிளாஸ்ரிக்கைப் பிடிக்கும், ஆவி படியாது. இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்காது. கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்வருகிறவர்களிடம் ஒரு போத்தல் சொல்லிவைத்தால் பல விமானங்களுக்குக் காணும். கிடைக்காதபோது ரியூப்பில் வரும் தெளிவான யூஹூவை மெல்லியதாக, கழிவுத் துண்டில் சோதித்த பிறகு பாவிக்கலாம். அதில் கரைப்பான் உண்டு, கூடினால் பொலிஸ்டைரீன் நெளியும்.

கனொப்பி ஒட்டும் முறையை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் விமானத்தின் அழகு முழுக்க அங்கே இருக்கிறது. கிட்டில் வந்ததானாலும், மரக்கட்டையைச் செதுக்கிச் சோடாப் போத்தலுக்குள் வைத்துச் சூட்டுக்காற்றில் சுருக்கி எடுத்ததானாலும் முறை ஒன்றுதான். போத்தல் பெற் பிளாஸ்ரிக், உரசாமல் அதில் எதுவும் நிற்காது. முதலில் கனொப்பி எந்த அழுத்தமும் இல்லாமல் உடலில் உட்கார வேண்டும். விரலால் அமுக்கித்தான் பொருந்துகிறது என்றால் பசை அந்த இழுவையை வாழ்நாள் முழுக்கச் சுமக்கும். ஓரத்தில் மூன்று மில்லிமீற்றர் அகலத்தை விட்டு உள்ளே மாஸ்கிங் டேப் ஒட்டி, அந்த ஓரத்தை மட்டும் உரசுங்கள். உரசிய கரையில் இரண்டு சென்றிமீற்றருக்கு ஒன்றாகச் சூடாக்கிய ஊசியால் சிறு துளைகள் இடுங்கள். பசையைப் பூசி வைத்து அழுத்தும்போது அது துளையால் எழும்பி மேலே குமிழாகி நிற்கும். காய்ந்தபின் ஒவ்வொரு குமிழும் ஒரு தறை ஆணி. பிளாஸ்ரிக்கைப் பசை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் தறை பிடிக்கும். டேப்பால் பிடித்து ஒரு முழு நாள் விடுங்கள். மழை நாளில் பசை வெள்ளையாகவே நிற்கும், அவசரப்பட்டு டேப்பை உரிக்க வேண்டாம். எல்லாம் முடிந்தபின் வெளியே தெரிகிற மரம் முழுவதற்கும் வார்னிஷ் அல்லது மொடல் விமானத்துக்கென்று வரும் டோப் என்ற பூச்சு அடித்து மூடிவிடுங்கள். ஈரம் புகும் வேகம் குறைந்தால் மரத்தின் அசைவும் குறையும். ஒட்டுகிற இடத்துக்கு மட்டும் முன்கூட்டியே பூச்சுப் போடக் கூடாது. பசைக்கு வெறும் மரம்தான் வேண்டும்.

நைலோன் பிணைச்சலுக்கும் இதே நம்பிக்கைதான் எனக்கு. உரசிய நைலோனில் எபொக்சி ஓரளவு நிற்கும், ஆனால் சுக்கானைக் காற்று இழுக்கிற இழுவைக்கு அது மட்டும் போதாது. பிணைச்சல் இதழில் துளைகள் இட்டு, மூட்டில் வாசலின் தடவி, எபொக்சியோடு மரத்துக்குள் செருகி, இறுகிய பின் மரத்தையும் இதழையும் ஊடறுத்து ஒரு பனை ஈர்க்குத் துண்டைக் குத்திப் பசையிட்டு வெட்டிவிடுங்கள். ஈர்க்கு பல்சாவைவிட எவ்வளவோ உறுதி, பாரமே இல்லை, வேலிக்கரையில் கிடைக்கும்.

முப்பரிமாண அச்சில் எடுத்த பாகங்கள் இப்போது வரத் தொடங்கியிருக்கின்றன. அதற்குப் பாவிக்கும் பிளாஸ்ரிக்குகளில் ஒன்று பிஎல்ஏ. பிஎல்ஏ பாகத்தை எபொக்சியும் சுப்பர் குளூவும் நன்றாகவே பிடிக்கும், அச்சு வரிகளே பசைக்குப் பிடிமானம். பிஎல்ஏ 60 பாகையளவில் இளகும் என்பதுதான் சிக்கல். வெயிலில் பூட்டிய வாகனம் அதைத் தாண்டும். எஞ்சின் பக்கத்துக்கு ஏபிஎஸ் அல்லது பெற்றின் ஒரு வகையான பெற்ஜி எடுக்கச் சொல்லுங்கள்.

முடிந்தால் எஞ்சின் மூடியை ஒட்டவே வேண்டாம் என்பது என் முடிவு. உள்ளே போய்வர வேண்டிய பாகம் அது, வெயிலில் அதிகம் விரிகிற பாகமும் அதுதான். உடல் முகப்பில் நாலு கடின மரக் கட்டைகளை எபொக்சியால் ஒட்டி, மூடியைச் சிறு முறுக்காணிகளால் பிடியுங்கள். மரத்தில் முதலில் ஆணியை முறுக்கிக் கழற்றி, அந்தத் துளைக்குள் ஒரு சொட்டு மெல்லிய சுப்பர் குளூ விட்டு, இறுகியபின் திரும்ப முறுக்கினால் புரி தேயாது. பிளாஸ்ரிக்கிலுள்ள துளை ஆணியைவிட அரை மில்லிமீற்றர் பெரிதாக இருக்கட்டும். ஆணித் தலைக்கு அடியில் சைக்கிள் ரியூப்பில் வெட்டிய சிறு இறப்பர் வளையம் ஒன்று. அதை மூடி நெளியும் அளவுக்கு இறுக்காமல், கையால் ஆட்டினால் சத்தம் கேட்காத அளவோடு நிறுத்துங்கள்.